நாற்பத்திரண்டு அடி தள்ளி நின்ற மருதமரம்

ஓய்வு பெற்ற ஆண்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், இவருக்கு இன்னும் ஐந்து வருடம் வேலை நீட்டித்துத் தரும்படி நானே மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருப்பேன்.

இவர் என்று நான் சொல்வது என் கணவர் நல்லரத்தினத்தை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் படவரைஞராக இருந்தவர். அளவையாளர்கள் வெயிலில் நின்று அளந்து கொண்டுவரும் இலக்கங்களை மேசையில் வைத்துக் கோடாக்குவதுதான் இவர் வேலை. இவர் கீறிய பிளானில் பிழை பிடித்தவர் ஒருவரும் கிடையாது. கல்லடியிலிருந்து படுவான்கரை வரைக்கும் காணிச் சண்டை எங்கே நடந்தாலும், நல்லரத்தினம் கீறினதா என்று ஒரு கேள்வி கேட்பார்கள். ஆம் என்றால் சண்டை அத்தோடு முடிந்துவிடும். அந்தப் பெருமையில் மனிதருக்குக் கழுத்துக் கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும்.

ஓய்வு பெற்ற மறுநாள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். எங்கள் வீட்டுச் சுவர் ஒன்றும் நேரில்லையாம். குசினிக் கதவு முக்கால் அங்குலம் சாய்ந்திருக்கிறதாம். இருபத்தெட்டு வருடம் அந்தக் கதவைத் திறந்து மூடிப் பிட்டு அவித்தவள் நான், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு மிளகாய்த்தூள் போத்தலுக்கும் மல்லித்தூள் போத்தலுக்கும் நடுவில், அவை நிற்கிற அலுமாரித் தட்டில் பென்சிலால் எல்லை போட்டார். பப்பாசிப்பழத்தை அடிமட்டம் வைத்து வெட்டினார். நான் மனையியல் ஆசிரியை, எனக்கு இன்னும் இரண்டு வருட வேலை இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டுக் களைத்து வந்து கதவைத் திறந்தால், இன்றைக்கு எதை அளந்து வைத்திருக்கிறாரோ என்று பயமாக இருக்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன், சின்ன வயதில் படம் கீறினதாகக் கல்யாணம் முடித்த புதிதில் கதை கதையாகச் சொல்லுவீர்களே, போய் அதைக் கீறுங்கள் என்று. கோபத்தில் சொன்னதுதான். ஆனால் இவர் அளவுநாடாவைச் சுருட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கதை உண்மைதான். பள்ளிக்கூடத்தில் சித்திரத்துக்கு இவர்தான் முதல். கொழும்புக்குப் போய்ச் சித்திரம் படிக்க வேண்டும் என்று நின்றவர். மாமா, அதாவது இவருடைய அப்பா, நில அளவை அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உனக்குப் படம் கீறத்தானே ஆசை, அங்கேயும் படம்தான் என்று சேர்த்துவிட்டார். அங்கேயும் படம்தான் என்பதை நம்பி முப்பத்தாறு வருடம் போய்விட்டது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மாமா மேல் ஆத்திரமும் வரும்.

கடைக்குப் போய்த் தாளும் நீர்வர்ணமும் தூரிகையும் வாங்கி வந்தார். முதல் படம் கல்லடிப் பாலம். நல்லாயிருக்கிறது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் அதைப் பார்த்து இன்னொரு பாலம் கட்டலாம் போலிருந்தது. மேல் மூலையில் வடக்குத் திசை காட்டும் அம்புக்குறி வேறு. இரண்டாவது படம் நான். கதிரையில் என்னை முக்கால் மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் இருக்கவைத்து, பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணை மூடி அளந்து அளந்து கீறினார். முடிந்ததும் பார்த்தேன். என் மூக்கின் நீளம் சரி, காதுக்கும் கண்ணுக்கும் இடைவெளி சரி, கழுத்துச் சுருக்கம் மூன்றும் மூன்றாகவே இருந்தது. அதற்கும் ஒரு வடக்கு அம்புக்குறி. நான் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தேனாம். ஒரு கிழமை நான் இவரோடு சரியாகப் பேசவில்லை.

இவருக்கே தெரிந்திருந்தது, எங்கேயோ பிழைக்கிறது என்று. ரவுண் கடைத்தெருவில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் நீர்வர்ண வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். படிப்பிக்கிற பிள்ளை நஸ்ஹா, காத்தான்குடிப் பிள்ளை, இருபத்தாறு வயது. வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் இவருடைய வயதில் பாதிகூட இல்லை. முதல் நாள் எல்லாரும் ஒரு குடத்தைக் கீற, இவர் குடத்தின் நிழல் விழுந்த கோணம் எத்தனை பாகை என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டாராம். அவள் சிரிக்கவில்லை என்று வந்து சொன்னார். நல்ல வளர்ப்பு.

அவள் மெல்ல மெல்ல இவருடைய கையிலிருந்து அடிமட்டத்தை வாங்கிவிட்டாள். அம்புக்குறியையும் விடச்செய்தாள். கடைசியாக ஒருநாள் இவருடைய படத்தில் ஒரு தென்னைமரத்தைக் காட்டி அவள் சொன்னதை, வீட்டுக்கு வந்து கலங்கிப்போய் என்னிடம் சொன்னார்.

"சேர், இந்த மரம் இடைஞ்சலா நிக்கிது. அங்கால தள்ளி வைங்க."

மரம் அங்கேதானே நிற்கிறது என்று இவர் கேட்டிருக்கிறார். நிலத்தில் அங்கே நிற்கட்டும், தாளில் நீங்கள் சொல்கிற இடத்தில்தான் நிற்கும் என்றாளாம் அந்தப் பிள்ளை. இவரால் அதைச் செரிக்கவே முடியவில்லை. எல்லைக் கல்லைப் பிடுங்கி நடச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. இரண்டு கிழமை வகுப்புக்குப் போகவுமில்லை.

அந்த இடைவெளியில்தான் சாமித்தம்பி வந்து சேர்ந்தான். என் பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை. வவுணதீவுப் பக்கத்தில் அவனுக்கும் அவனுடைய அக்கா இலட்சுமிப்பிள்ளைக்கும் பக்கத்துப் பக்கத்தில் வயல். இலட்சுமிப்பிள்ளையை நாங்கள் எல்லாரும் பெரியக்கா என்போம். புருஷன் போன பிறகு அந்த வயலை வைத்துத்தான் அவருடைய சீவியம். மாசிமாதம், வெள்ளாண்மை பழுத்து வெட்டுக்கு நிற்கிற நேரம். அத்தான், வயல் வட்டைக்கு வந்து பாருங்க, கீறுறதுக்கு அதைவிட வடிவான இடம் இல்லை என்று இவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான்.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போனேன். சாமித்தம்பியின் வயலில் இருந்த காவல் வாடிக் குடிசையில் தாளை விரித்துக்கொண்டு கிழக்கே பார்த்து இருந்தார். முன்னால் மஞ்சள் வயல், நடுவில் ஒரு பெரிய மருதமரம், அதற்கு அங்கால் வாவித் தண்ணீர். மருதமரத்தடியில் ஓடுகிற வரம்புதான் இரண்டு பேருக்கும் எல்லை. வரம்புக்கு வடக்கே பெரியக்கா, தெற்கே சாமித்தம்பி. காணி உறுதியிலும் மருதமர வரம்பு என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த மரத்தை நம்பி யாரும் அளந்து பிளான் போடவில்லை.

மூன்று நாள் இருந்து முடித்த படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் குறை சொல்லத் தயாராகத்தான் போனேன். சொல்ல ஒன்றும் வரவில்லை. மரத்துக்கு அருகால் வாவித் தண்ணீர் வெயிலில் அப்படியே கண்ணைக் கூசவைத்தது. அந்த வயலில் நின்று பார்த்தபோதுகூட எனக்கு அது அப்படித் தெரியவில்லை. பரவாயில்லை என்றேன். என் வாயில் பரவாயில்லை என்று வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இவருக்குத் தெரியும். சட்டம் போட்டு முன் விறாந்தையில் மாட்டினார். மறு சனிக்கிழமை வகுப்புக்கும் போனார்.

கார்த்திகையில் பெருமழை. வாவி பொங்கி வட்டைக்குள் ஏறி, வரம்பெல்லாம் கரைந்து, மருதமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. வெள்ளம் வடிந்ததும் அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து பெக்கோ இயந்திரம் பிடித்து அடிக்கட்டையை இழுத்துப் போட்டு, குழியை மூடி, மரத்தை அரிந்து ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரு சொல் கூடிக் குறையவில்லை. பிறகு புதிதாக வரம்பு கட்ட நூல் பிடித்தபோதுதான் மரம் நின்ற இடம் எது என்ற கேள்வி வந்தது. ஒரே சேறு. பெரியக்கா ஒரு இடத்தைக் காட்டினார், சாமித்தம்பி அதற்கு வடக்கே ஒரு இடத்தைக் காட்டினான். இரண்டுக்கும் நடுவில் கால் ஏக்கர் வரும்.

சாமித்தம்பி பொய்க்காரன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மரம் தன் வாடிக்கு நேரே கொஞ்சம் இடப்பக்கமாக நின்றது என்று மனதார நம்பினான். கைபேசிகளில் இருந்த படங்களைத் தேடிப் பார்த்தார்கள். எல்லாப் படத்திலும் ஆட்களின் பல்லுத்தான் தெரிந்தது, மரத்தின் அடி ஒன்றிலும் இல்லை. வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் ஒரு பச்சைப் பொட்டு இருந்தது. அது மரமா நிழலா என்று அதைப் பெரிதாக்கப் பெரிதாக்கச் சந்தேகம்தான் கூடியது. அப்போதுதான் சாமித்தம்பிக்கு எங்கள் விறாந்தைப் படம் ஞாபகம் வந்தது.

ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்தான். படத்துக்கு முன்னால் நின்று விரலால் அளந்தான். நான் சொன்ன இடத்திலதான் நிக்கிது, பாருங்க அக்கா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். கூடவே வந்த பக்கத்து வயல்காரர் இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். அத்தான் கீறினால் மயிரளவும் பிசகாதே என்றான் சாமித்தம்பி. இவர் நெஞ்சை நிமிர்த்தி, முப்பத்தாறு வருடத்தில் ஒரு கோடு பிசகினதில்லை என்றார். சொல்லி முடித்ததும் முகம் வெளுத்துப் போனதை நான் கவனித்தேன். தயிர் புளித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியக்கா வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. விறாந்தையில் நின்று அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு இவரிடம் சொன்னார்.

"நீங்க கீறினதெண்டா அது சரியாத்தான் இரிக்கும் தம்பி. எனக்குத்தான் வயசு போய் மறதி. மத்தியஸ்த சபைக்கு வாற சனிக்கிழமை கூப்பிட்டிருக்காங்க. நான் போய் ஒப்புக்கொள்ளப் போறன்."

அறுபது வருடம் நடந்து திரிந்த தன் வயலை விட, இவருடைய தாளை நம்பினார் அந்த மனுசி. தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பிறகு இவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அடுத்த நாள் விடிய நான் பள்ளிக்கூடத்துக்குச் சீலை உடுத்திக்கொண்டு நிற்கிறேன், வந்து கதவடியில் நின்றார். மரம் அங்கே நிற்கவில்லை என்றார். எந்த மரம் என்றேன். நான் தள்ளி வைத்தேன் என்றார்.

மரம் நின்ற இடத்தில் நின்றால் வாவித் தண்ணீரை மறைக்கிறதாம். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை நஸ்ஹா சொன்னது நினைவுக்கு வந்து, பயந்து பயந்து மரத்தை இடப்பக்கம், பெரியக்காவின் வயல் பக்கமாகத் தள்ளிக் கீறிப் பார்த்தாராம். தண்ணீர் தெரிந்துவிட்டதாம். வாழ்க்கையில் இவர் செய்த ஒரே களவு அதுதான். அதைச் செய்த அன்றைக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றார். எனக்குச் சீலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்படியென்றால் அன்றைக்கே சாமித்தம்பியிடம் சொல்லியிருக்கலாமே என்று ஏசினேன். ஆட்களுக்கு முன்னால் பிசகாது என்று சொல்லிவிட்டேனே என்றார். சபையில் சொன்னால் இனி நல்லரத்தினம் கீறினதா என்று கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள், பழைய பிளான்களையும் சந்தேகப்படுவார்கள். சொல்லாவிட்டால் பெரியக்காவின் கால் ஏக்கர் போய்விடும். சொல்லத்தான் போகிறேன், ஆனால் அதற்குப் பிறகு இந்தத் தூரிகையைத் தொடமாட்டேன் என்றார். வர்ணப் பெட்டியைக் கட்டி அலுமாரிக்கு மேலே போட்டும்விட்டார்.

தொடாவிட்டால் இந்த மனிதர் திரும்பவும் என் குசினிக்குள் அளவுநாடாவோடு வருவார். அந்தப் பயம் எனக்கு இருந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய கவலை வேறு. அந்தத் தண்ணீரைக் கீறிய கை சும்மா இருக்கப்போகிறதே.

சனிக்கிழமை மத்தியஸ்த சபை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடியது. தலைவர் ஓய்வு பெற்ற அதிபர். சாமித்தம்பி முதல்நாள் எங்கள் வீட்டில் வாங்கிப்போன படத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து கரும்பலகையில் சாய்த்து வைத்திருந்தான். பெரியக்கா ஒப்புக்கொள்வதற்கு எழும்பினார். அதற்கு முன்னால் இவர் எழும்பிவிட்டார். மரம் அங்கே நிற்கவில்லை, நான் தள்ளிக் கீறினேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். வாங்குகளில் இருந்த எல்லாரும் இவர் பக்கம் திரும்பினார்கள். பக்கத்து வயல்காரர் ஒருவர் தன் காணிப் பிளானை நினைத்தாரோ என்னவோ, நெற்றியைத் துடைத்தார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"அங்க நிண்டாத்தான் வடிவா இருந்திச்சு," என்றார் இவர்.

எங்கேயோ ஒரு மூலையில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாருமே சிரித்தார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அந்த வாங்கைத் தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. சாமித்தம்பி மட்டும் சிரிக்காமல், தள்ளினது உண்மையென்றால் மரம் நின்ற இடம் யாருக்குத்தான் தெரியும், இனி ஆளுக்குப் பாதியாகப் பிரிப்போம் என்றான். சபைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெரியக்காவும் தலையை ஆட்டிவிட்டார்.

இவர் நிமிர்ந்தார். தெரியாமல் என்ன, நாற்பத்திரண்டு அடி என்றார்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மஞ்சள் வர்ணத்துக்குக் கீழே, அழித்த பென்சில் கோட்டின் தடம் மெல்லியதாகத் தெரிந்தது. முதலில் மரத்தைச் சரியான இடத்தில் கீறிவிட்டுத்தான் தள்ளியிருக்கிறார். தாளில் ஒன்றே கால் அங்குலம். படத்தில் கீறியிருந்த வாய்க்கால் மதகையும் ஓரத்தில் தெரிந்த வாடிக் காலையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் நிலத்தில் தெற்கே நாற்பத்திரண்டு அடி. களவு எடுத்ததையும் அளந்துதான் எடுத்திருக்கிறார் இந்த மனிதர்.

தலைவர் அன்றைக்கே இரண்டு பேரையும் எங்களையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். மதகிலிருந்து இவர் நாடா பிடித்து ஒரு கம்பை ஊன்றினார். அது பெரியக்கா முதலில் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது. சாமித்தம்பியே மண்வெட்டியை வாங்கி வெட்டினான். இரண்டடி ஆழத்தில் அறுந்த மருத வேர் வந்தது, இன்னும் சிவப்பு மாறாமல். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டான். பெரியக்கா பிள்ளையைத் தேற்றுவதுபோல் அவன் முதுகைத் தடவி, சரி விடு மனே என்றார். வெட்டு முடிந்தால் தன் பங்கில் அவனுக்கு இரண்டு மூடை நெல் தருவதாகவும் சொன்னார். அவன் வேண்டாம் என்றான்.

இரண்டு நாள் கழித்துச் சாமித்தம்பி வீட்டுக்கு வந்தான். இந்த முறை தயிர் இல்லை. நான் திரும்பச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றான். நான் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அத்தான், இதை எனக்குத் தருவீங்களா? படத்திலயாவது மரம் நான் சொன்ன இடத்தில நிக்கட்டும்."

இவர் அன்றைக்குச் சபையில் பட்ட வெட்கத்தில், அந்தப் படம் வீட்டைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தார். கழற்றக் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன். கால் ஏக்கர் வேண்டுமானால் கேள், ரவுணில் என் பேரில் இருக்கிற வளவில் தருகிறேன், இந்தப் படத்தைத் தரமாட்டேன் என்றேன். நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். இந்த மனிதர் தன் விருப்பத்துக்கு என்று வாழ்க்கையில் செய்தது இது ஒன்றுதான், இதை வைத்துக்கொள்ள எனக்குத்தான் உரிமை என்றும் சொன்னேன்.

இவர் நீட்டிய கையை இறக்கினார். பிறகு உள்ளே போனார். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. அலுமாரிக்கு மேலிருந்த வர்ணப் பெட்டியோடும் புதுத் தாளோடும் வந்து, சாமித்தம்பிக்கு எதிரே உட்கார்ந்து பென்சிலை எடுத்தார்.

"சொல்லு சாமித்தம்பி. உனக்கு மரம் எங்க நிக்கோணும்?"

அவன் சுவரில் இருந்த படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பெரியக்காவுக்கும் எனக்கும் நடுவில் வைங்க அத்தான் என்றான். இவர் தாளின் நடுவில் பென்சிலை வைத்தார். சாமித்தம்பி தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்து, எட்டிப் பார்த்தான்.

"எண்டாலும், கொஞ்சம் பெரியக்காட பக்கமாத் தள்ளி வைங்க," என்றான்.

எத்தனை அடி என்று இவர் கேட்கவில்லை.